சாணம் பூசாத மரக்கால்

பாம்பன்ல பாலம் கட்டாத காலம். கமுதிக்குத் தெற்கே ஊசிலங்குளம்னு ஒரு ஊரு. அங்க சடச்சின்னு ஒருத்தி இருந்தாளாம், எங்க வம்சத்து மூத்தவ.

ரெண்டு வருசமா மழை இல்ல. புதன்கிழமைக்குப் புதன்கிழமை இலங்கைத் தோட்டத்துக் கங்காணியோட வண்டி வரும். முன்பணம் குடுப்பான், கைநாட்டு வாங்குவான், குடும்பத்தோட ஏத்திட்டுப் போவான். போனவங்க திரும்பினதாப் பேச்சே இல்ல. பதினஞ்சு வீட்டுல நாலு வீடு மிஞ்சிச்சாம்.

சடச்சிகிட்ட ஒரு மண் குலுக்கை நிறைய வரகு இருந்துச்சு. போகாதீங்க, விதை தாரேன், விளைஞ்சதும் அளந்து போடுங்கன்னு மத்த மூணு வீட்டுக்கும் ஒவ்வொரு மரக்கால் கடனாக் குடுத்தாளாம். பசியில தின்னுறக் கூடாதேன்னு சாணமும் சாம்பலும் போட்டுப் பிசறிக் குடுத்தாளாம். அம்புட்டுக் கெட்டிக்காரி.

வானம் கறுக்கும், காத்தடிக்கும், கலைஞ்சுரும். மழையை நம்பிப் புழுதியிலயே விதைச்சாங்க. அவ தம்பி கருமலை நிலம் மட்டும் அப்படியே கிடந்துச்சு. கேட்டா, நாளைக்கு அக்கா, நாளைக்கும்பானாம்.

புதன்கிழமை வந்துச்சு. வண்டியும் வந்துச்சு. கருமலை பொண்டாட்டி பிள்ளைகளோட வண்டியில உக்காந்திருக்கான். சடச்சி ஓடிப்போய் நுகத்தடியைப் பிடிச்சாளாம்.

"விதை எங்கடா?"

அவன் சின்ன மகதான் சொல்லுச்சாம்: "நல்லாக் கழுவித்தான் காய்ச்சினாங்க அத்தை. சாண வாடை மட்டும் போகல."

சடச்சி நுகத்தடியை விட்டுட்டாளாம். விட்டுட்டு வீட்டைப் பார்த்து ஓடினாளாம். உங்கக்காளே விட்டுட்டா, விரலைக் குடுன்னு கங்காணி மையைத் தடவினான். காகிதத்துல விரலு படுறதுக்குள்ள அவ திரும்பிட்டா. தலையில ஒரு மரக்கால், இடுப்புல ஒரு மரக்கால்.

"இது சாணம் பூசினது, நிலத்துக்கு. இது பூசாதது, அடுப்புக்கு. உலை கொதிக்குதான்னு கேக்காம விதை குடுத்தேன், தப்பு எம்மேலதான். இறங்கு."

"மழை வராட்டி என்னக்கா செய்ய?"

"அது எனக்குத் தெரியாது. இறங்குடா."

இறங்கினானாம். மை ஒட்டின விரலோடயே விதைச்சானாம். மழை வரப் பதினேழு நாளாச்சாம். அந்தப் பதினேழு நாளும் அக்காளும் தம்பியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலயாம். நடுவுல ரெண்டு தடவை வண்டி வந்து நின்னுட்டுப் போச்சாம்.

ஊசிலங்குளத்துல இன்னைக்கும் விதைக்கடன்னா ரெண்டு மரக்கால். திருப்பி அளக்கிறது ஒன்னுதான். அடுப்புக்குப் போனதுக்குக் கணக்குக் கிடையாது. அதோட, கடன் குடுக்கிறவங்க முதல்ல அந்த வீட்டு அடுப்படிக்குப் போவாங்க. சாம்பல்ல கையை வச்சுப் பார்ப்பாங்க, சூடு இருக்கான்னு.