பத்தாவது ஜன்னல்

சின்னதா ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். அதுக்கு முன்னாடி என் பேரப்பிள்ளைகளைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாட்டி எனக்குப் பேச்சு வராது. மூத்தவன் கதிரேசன் ரயில் என்ஜின் ஓட்டுறான். கடைக்குட்டி கோமு மாவட்டக் கபடியில கோப்பை வாங்கினவ. நடுவுள்ளவ செண்பகவல்லி... இங்கிலாந்துல பழைய மாளிகைகளைப் பழுது பார்க்கிறா. ஆமா, அஞ்சாங்கிளாஸோட நின்ன இந்தக் கிழவியோட பேத்திதான். கதை அவளுடையது.

அங்க நாட்டுப்புறத்துல, பெரிய தோட்டத்துக்கு நடுவுல ஒரு வீடு. இருநூத்தம்பது வருஷம் ஆச்சு. வாசலுக்கு இந்தப் பக்கம் அஞ்சு ஜன்னல், அந்தப் பக்கம் அஞ்சு ஜன்னல். நூல் பிடிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும்னு கட்டினவங்களுக்குப் பிடிவாதம். செண்பகம் வெளியே நின்னு எண்ணினா, பத்து. உள்ளே போய் எண்ணினா... ஒம்பது.

பத்தாவது எங்க போச்சு?

அது ஜன்னலே இல்லம்மா. சுவத்து மேல வரைஞ்ச படம். சட்டம், கண்ணாடி, பாதி இழுத்துவிட்ட திரை, எல்லாம் பெயிண்ட். அதுக்குப் பின்னாடி, பாத்திரம் தேய்க்கிற பொண்ணுக படுக்கிற அறை. நிஜ ஜன்னல் வச்சா, தோட்டத்துல உலாத்துற எஜமானங்களை அதுக பார்த்துருமே! அதனால வெளியே அழகுக்கு ஒரு ஜன்னல்... உள்ளே வெறும் சுவரு, இருட்டு.

அந்தப் படத்துல, வரைஞ்ச கண்ணாடிக்கு நடுவுல, ஒரு செங்கல் அளவுக்கு நிஜ ஓட்டை. செண்பகத்துக்கு மேல உள்ள அதிகாரி, டெரிக்னு பேரு, நல்ல மனுஷன்தான், இதை அடைச்சு வண்ணம் பூசிடுன்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசம் வீட்டைப் பார்க்க ஜனங்க வரப்போறாங்க.

இவ சும்மா இருப்பாளா? அந்த வீட்டுப் பழைய மராமத்து நோட்டை எடுத்துப் புரட்டியிருக்கா. 'பத்தாவது ஜன்னலில் ஓட்டை. அடைக்கப்பட்டது.' மறு வருஷம் பார்த்தா, அதே வரி. அதுக்கு மறு வருஷமும் அதே வரி. பதினோரு தடவை! காத்தா வந்து செங்கலை உருவும்? உள்ளே போய் விளக்கடிச்சுப் பார்த்தா, ஓட்டையைச் சுத்தி கரண்டிக் காம்பால சுரண்டின கோடு கோடா தடம்.

மறுநாள் அதிகாரி கேட்டாரு, "என்னம்மா, இன்னும் அடைக்கலையா?"

இவ சொன்னா, "பதினோரு தடவை அடைச்சிருக்காங்க சார். பதினோரு தடவையும் ஒருத்தி திறந்திருக்கா. பன்னெண்டாவது தடவை என் கையால அடைக்க மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

வேலை போயிருந்தா? போயிருக்கும்தான். அவரு அந்த இருட்டறைக்குள்ள போனாரு. குனிஞ்சு ஓட்டையில கண்ணை வச்சாரு... ரொம்ப நேரம் வச்சபடியே நின்னாராம். வெளியே வந்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு: "மழைத் தண்ணி உள்ளே வராம இருக்க அதுல ஒரு கண்ணாடித் துண்டு பதிச்சிரலாமா?"

இதை இங்க ஏன் சொல்றேன்? பின்னால மாட்டியிருக்கே, நம்ம ஊர்ல கட்டப்போற சமுதாயக் கூடத்து வரைபடம், எல்லாரும் திரும்பிப் பாருங்க. எட்டு ஜன்னல் எண்ணியாச்சு. சமையக்கட்டுக்கு எத்தனை? ஒண்ணுமில்லை. ரோட்டுப் பக்கம் ஜன்னல் வச்சா புகை தெரியும், முகப்பு அழகு கெடுமாம். ஐநூறு பேருக்கு உலை வைக்கிறவ முகம் வெந்தா எந்த அழகும் கெடாதா? அவளும் கரண்டிக் காம்பால சுரண்டட்டும்னு விட்டுருவோமா? வெளிய நின்னு பார்க்கிறவனுக்காகக் கட்டுறது படம் தாயி. உள்ளே நிக்கிறவளுக்காகக் கட்டுறதுதான் வீடு. நாளைக்கு அஸ்திவாரக் கல்லு... அதுக்கு முன்னாடி அந்தச் சுவத்துல ரெண்டு ஜன்னல் வரணும். வராம நான் இந்த மேடையை விட்டு இறங்கறதா இல்லை. இன்ஜினியர் தம்பி, பென்சில் இருக்குல்ல? வாங்க.

செண்பகம், இதை யாரோ போன்ல பிடிச்சு உனக்கு அனுப்பத்தான் போறாங்க. அந்த ஓட்டை பக்கத்துல நின்னு புதுசா ஒரு போட்டோ எடுத்து, தபால்ல அனுப்பு. கட்டி முடிச்சதும் சமையக்கட்டுல, ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல மாட்டணும்.