‘ஒப்பந்தம்னா என்ன?’ என்று கேட்ட நீதிபதி அம்மா அவர்களுக்கு

அவசரமறியா அமைதியே, அஞ்சி நின்றவர்க்கு ஆசனமிட்ட அன்பே, அடித்துத் திருத்தியே எங்களை ஆளாக்கிய அம்மையே, வணக்கம்!

முப்பத்தொரு ஆண்டுப் பணியில் கடைசிப் பதினொன்றை இந்த மாடியறையில் கழித்தீர்கள். சாயம்போன பச்சைத் திரை, சுற்றும்போதெல்லாம் முனகும் மின்விசிறி, மூடி தொலைந்த முத்திரை மைப்பெட்டி, இவற்றோடு நாங்களும் உங்களுக்குப் பழகிப்போனோம். காலையில் உங்கள் செருப்போசை படியேறினால் தட்டச்சர் தேநீரை ஒரே மடக்கில் முடிப்பார். நாளை முதல் ஆற அமரக் குடிக்கலாம். அதற்காக அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்குப் பேசி முடிக்கும் ஒப்பந்தங்கள் மேசைக்கு வரும் நாளில்தான் உங்களை முழுதாகப் பார்த்தோம். காவலர், அரசு வழக்கறிஞர், புகார்தாரர் எல்லோரையும் வெளியே அனுப்புவீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை உட்காரவைத்து, யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா, விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள்.

அந்த டைல்ஸ்காரர் வந்த நாளை மறைக்காமல் சொல்கிறோம். வேலை செய்த வீட்டில் நகை திருடியதாக வழக்கு. சிறையில் இரண்டு மாதம் இருந்துவிட்டார். ஒப்பந்தப்படி இன்னும் நான்கு மாதம். நேரம் மிச்சமாகட்டுமென்று எங்கள் தலைமை எழுத்தர் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம், புரிந்தது’ என்று முன்னாடியே அச்சடித்து வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி. டைல்ஸ்காரர் பேனாவைத் திறந்தார். நீங்கள் தாளின்மேல் கையை வைத்தீர்கள்.

“ஒப்பந்தம்னா என்னன்னு நீங்க சொல்லுங்க.”

“தெரியாதா மேடம்? ஒத்துக்கிட்ட வேலைய முடிச்சுக் கொடுத்துட்டுக் கிளம்புறது. கையெழுத்துப் போட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்ல?”

“எந்த வேலைய முடிச்சுக் கொடுத்தீங்க?”

“பாத்ரூம் டைல்ஸ். நகைய நான் கண்ணால கூடப் பாக்கல மேடம். அத வக்கீல் பாத்துக்குவார்னு நெனச்சேன்.”

தலைமை எழுத்தர் திரையை நேராக்கப் போனார். அது நேராகத்தான் இருந்தது.

ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தீர்கள். வேறு சட்ட உதவி வழக்கறிஞரை அமர்த்தினீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக டைல்ஸ்காரர் கொடுத்திருந்த மனுவை வழக்குக் கட்டில் கோக்கப் போன எங்களிடம், “அது அங்க போகக்கூடாது” என்று வாங்கி, விசாரிப்பவர் கண்ணில் படாதபடி உறையிலிட்டு அரக்கு வைத்தீர்கள். விசாரணையை வேறு நீதிபதிக்கு மாற்றினீர்கள். டைல்ஸ்காரர் அன்று வீட்டுக்குப் போகவில்லை. திருடன் என்ற பெயரோடும் போகவில்லை. ஐந்து மாதம் கழித்து விடுதலையானார்.

பண்பும் பரிவும் பகுத்தறியும் பார்வையும் ஒருங்கே வாய்த்த பெருந்தகையே! உடல்நலமும் உளநிறைவும் குறைவின்றிப் பெற்று, குடும்பத்தோடு நெடுங்காலம் வாழ வாழ்த்துகிறோம். வீட்டில் ஐயாவை மட்டும் குறுக்கு விசாரணை செய்யாதிருக்க வேண்டுகிறோம்.

கடைசியாக ஒன்று. வழக்காடியவர்கள் சொல்லியனுப்பும் எதையும் உங்களிடம் கொண்டுவரக் கூடாதென்பது உங்கள் கட்டளை. ஆறு ஆண்டுகளாக மீறவில்லை. இன்று மாலையோடு நீங்கள் நீதிபதியல்ல என்பதால் ஒப்படைக்கிறோம். விடுதலையான மறுவாரம் டைல்ஸ்காரரின் மனைவி இந்தப் படிக்கட்டில் நின்று சொன்னது:

“மேடத்துகிட்ட சொல்லிடுங்க. திருடன்னு ஒதுக்குனவங்களே அவர கூப்பிட்டு மறுபடி வேலை கொடுத்துட்டாங்க.”

பிரிய மனமின்றி,
தலைமை எழுத்தர், தட்டச்சர், கட்டுக்காப்பாளர், அலுவலக உதவியாளர்கள்