காஸிமிர் அசையாமல் இருந்த ஆட்டம்

கோழி இறக்கையை எண்ணெயில் போடுவதற்கு முன்னால் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும், ஃபாதர். அவ்வளவுதான் என் கைப்பக்குவம். போன கோடையில் கோயில் விருந்தில் நீங்கள் மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோதே சொல்லியிருப்பேன். பக்கத்தில் என் கொழுந்தன் பெண்டாட்டி மார்லீன் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தால் மறுநாளே தான் கண்டுபிடித்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் சொன்னது வெளியே போகாது என்பதால் இப்போது சொன்னேன்.

இறுதிப் போட்டி அன்றைக்கும் இறக்கைதான் பொரித்தேன். அன்று காலைப் பூசையில் உங்கள் பிரசங்கம் தொடங்கியதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. அதற்காக ஊரே உங்களை வாழ்த்தியது. இந்த ஏரிக்கரையில் பனியையும் நம் அமெரிக்கன் ஃபுட்பால் அணியையும் விட்டால் மனுஷருக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? மூன்று தடவை இறுதிப் போட்டி வரை போய் மூன்று தடவையும் மண்ணைக் கவ்விய அணி. இதுவும் போனால் என் ஆயுசுக்குள் இன்னொன்று வராது என்று எனக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நான் போட்டதில்லை, என் கணவர் காஸிமிர் போட்டது, வீட்டில் எல்லாருக்கும் அவர் காஸ். நம் அணி புள்ளி எடுக்கும்போது யார் எங்கே, எப்படி இருந்தார்களோ, அங்கேயே அப்படியே இருக்க வேண்டும். அவர் தம்பி நார்ப் ஒருதரம் பீர் எடுக்க நிலவறைக்கு இறங்கியபோது நம்மவன் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்துவிட்டான். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக நார்ப் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. கீழே துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, மேலே நாங்கள் போடும் சத்தத்தை வைத்து ஊகித்துக்கொள்வான். மார்லீனுக்குத் தரையில், காஸின் நாற்காலிக்கு முதுகைக் காட்டியபடி. அவள் திரும்பக்கூடாது. எனக்குச் சமையலறை வாசலில் முக்காலி. பழுப்புச் சாய்வு நாற்காலி காஸுடையது. ஆக, அவர் முகம் தெரிகிற இடத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். இதைப் பிற்பாடு டாக்டர் மிகவும் விசாரித்தார்.

முதல் பாதி உங்களுக்கே தெரியும். நம்மவர்கள் பந்தைப் பிடிப்பதைப் பார்த்தால் சோப்புத் தேய்த்த பாத்திரத்தைப் பிடிப்பது மாதிரி இருந்தது. இடைவேளை முடிந்து, நான்கில் மூன்றாம் பகுதி தொடங்கும்போது அவர்கள் இருபது, நாம் மூன்று. காஸ் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

"இவனுங்களுக்குச் சம்பளம் ஒரு கேடு! என் பாட்டி செத்து முப்பது வருஷமாச்சு, அவளை எழுப்பிக் கூட்டிட்டு வந்தா இதைவிட நல்லா ஓடுவா" என்றார்.

"உங்க பாட்டி ஓடினது கடன்காரனுக்குப் பயந்து" என்றேன் நான்.

அவர் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் அவர் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கையிலிருந்த பீர் டப்பா கம்பளத்தில் சாய்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. முகத்தின் வலது பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. வாயோரத்தில் எச்சில். எழுந்து போகத்தான் நினைத்தேன் ஃபாதர், சத்தியமாக. முக்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டேன்.

அந்த நொடியில்தான் நம் அணிப் பையன் எதிரணி வீசிய பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடித்தான். பிடித்தவன் மைதானம் முழுக்க ஓடிக் கோட்டைத் தாண்டினான். இருபதுக்குப் பத்து.

மார்லீன் கத்தினாள். கீழேயிருந்து நார்ப் கத்தினான். "மேல என்ன ஆச்சு அண்ணி?"

"டச்டவுன்டா!"

"யாரும் அசையாதீங்க! அண்ணன் எப்படி இருக்கான்?"

"ஆடாம அசையாம இருக்கார்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. நான் பொய் சொல்லிப் பழகாதவள்.

கம்பிச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. நீங்களும் நம் ஆள்தானே.

நான் கண்மூடித்தனமாக நம்புகிறவள் இல்லை. சோதித்துப் பார்த்தேன். பந்து எதிரணியிடம் இருந்தபோது மெதுவாக எழுந்து அவரை நோக்கி ஓர் அடி வைத்தேன். பந்து வைத்திருந்தவன் ஒரே ஓட்டத்தில் பாதி மைதானத்தைக் கடந்துவிட்டான். பின்வாங்கி உட்கார்ந்தேன். அடுத்த முறை பந்தை வாங்கியதுமே அவன் கீழே போட்டான், நம்மவன் அதன் மேல் விழுந்தான். இன்னொரு தரம் எழுந்தேன். நம் பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். உட்கார்ந்தேன். அவன் எழுந்து, ஒன்றும் ஆகாதவன் மாதிரி நடந்தான். இதற்கு மேல் கடவுள் எப்படித்தான் சொல்லுவார்? காஸ் அப்படி இருக்கும்வரை நாம் ஜெயிப்போம். அவரைத் தொட்டால் தோற்போம். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற கணக்கு.

அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதை விடாமல் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

நடுவில் அவருடைய இடது கை மெதுவாக எழுந்தது. பக்கத்து மேசையில் போன் இருந்தது, அதற்கு நேர் மேலே சுவரில் டிவி. அவர் டிவியைக் காட்டுகிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடப் புரியாதா? "பாத்துட்டுத்தான் இருக்கேன், நீங்க பேசாம இருங்க" என்றேன். 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் போட்டார்.

மார்லீன் முதுகைத் திருப்பாமலே கேட்டாள். "அக்கா, மாமா ஏன் ஒரு மாதிரி முனகுறார்?"

"ஜபம் பண்றார்."

"மாமாவா? அவர் கோயிலுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?"

"அதனாலதான் வார்த்தை மறந்து போச்சு. நீ திரும்பாதே, திரும்பினியோ காலை ஒடிச்சிடுவேன்."

அவள் திரும்பவில்லை. மார்லீனிடம் ஆயிரம் குறை உண்டு, ஆனால் சட்டத்தை மதிப்பாள். இருபதுக்குப் பதினேழு. நான்காம் பகுதியில் நாம் முந்தினோம், இருபத்து நான்குக்கு இருபது. கீழே நார்ப் இயந்திரத்தின் மேல் ஏறிக் குதித்ததில் அது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. நான் அழுதேன். இத்தனை வயதில், எண்ணெய்க் கையோடு, முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். காஸின் கண்ணிலும் நீர் வழிந்தது. இருவரும் சேர்ந்து அழுதது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

என் மகள் டெரேசா இதைப் பழிவாங்கல் என்கிறாள். அவள் பிறந்த கதையை நானே அவளுக்குச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் வயிற்றில் இருந்தபோது, ஆட்டத்தின் நடுவில், இதே முக்காலியில்தான் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. நாம் முன்னால் இருந்தோம். "ஊர்சுலா, கொஞ்சம் பொறுத்துக்கோ, நீ எழுந்திரிச்சா எல்லாம் போச்சு" என்றார் காஸ். பொறுத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து கிளம்பி, பாலத்து மேல் காருக்குள்ளேயே டெரேசா பிறந்தாள். அன்று நாம் ஜெயித்தோம். நான் அதை ஒருநாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாங்கள் இரண்டு பேரும் அணிக்காகச் செய்தோம். மகளுக்கு இது விளங்கவில்லை, அவள் மேற்குக் கரைக்குப் போய்ச் சாலட் தின்கிறவள்.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன்.

கடைசிப் பகுதியில் இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. நான்கு புள்ளி முன்னிலை. அப்போது காஸின் தலை இன்னும் கொஞ்சம் சரிந்தது, உதடு நீலமாகத் தெரிந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது. ஜெயித்தாகிவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். அந்த அகம்பாவம்தான். எழுந்து போய்ப் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

தெருமுனையிலேயே நின்றிருந்தார்கள் போல, உடனே வந்துவிட்டார்கள். திரையில் இரு பக்கமும் மாறி மாறி ஆட்டத்தை நிறுத்தி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கடிகாரம் நகரவே இல்லை. உள்ளே வந்த பையன் தலையில் நம் அணியின் குல்லா. வாசலில் பனியை உதறிக்கொண்டே "ஸ்கோர் என்னம்மா?" என்றுதான் முதலில் கேட்டான். பிறகு காஸைப் பார்த்தான். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எப்பலேருந்து இப்படி இருக்கார்?"

"தம்பி, ஒரு நிமிஷம் அவரை நாற்காலியிலேயே வெச்சு வைத்தியம் பாக்க முடியாதா?" என்று கேட்டேன். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அவர் முதுகு நாற்காலியை விட்டுக் கிளம்பியதும், அங்கே எதிரணிக்காரன் பந்தை வானத்தில் எறிந்தான். அது இறங்குவதற்குள் ஒருவன் கோட்டுக்கு அப்பால் தனியாக நின்றுகொண்டிருந்தான். காவலுக்கு ஒரு ஈ காக்கை இல்லை. இருபத்தேழுக்கு இருபத்து நான்கு. மிச்சம் இருந்த நொடிகளைச் சொல்லி உங்களை நோகடிக்க விரும்பவில்லை.

மார்லீன் கம்பளத்தில் விழுந்து ஓவென்று அழுதாள். காஸ் தூக்குப் படுக்கையில் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. நார்ப் மேலே வந்து காலியான நாற்காலியைப் பார்த்தான்.

"யார் அண்ணி அவனை எழுப்பினது?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தக்கட்டி மூளையில் அடைத்திருக்கிறது என்றார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். நான் கடிகாரம் பார்க்கவில்லை, அதனால் தெரிந்ததைச் சொன்னேன். "நாம பதினேழு புள்ளி பின்னால இருந்தப்போ." அவரும் இந்த ஊர்க்காரர்தான். "அப்ப மூணாவது பகுதி ஆரம்பம்" என்று எழுதப்போனார். எழுதுகிற கை நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். உடனே கொண்டுவந்திருந்தால் எழுந்து நடந்திருப்பார் என்று மட்டும் சொன்னார். தோல்வியில் எல்லாரும் ஏதாவது சொல்லுவார்கள்.

காஸ் பிழைத்துக்கொண்டார். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. தினமும் சூப் எடுத்துக்கொண்டு போகிறேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று மட்டும் திருப்பவில்லை. நல்ல கையைத் தூக்கிக் கட்டிலோரத்துப் போனைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். அப்புறம் கை கீழே விழுந்தது, கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"அவர் உங்ககிட்ட ஏதோ கேக்கறாரும்மா" என்றாள் நர்ஸ்.

எனக்குத் தெரியாதா? குனிந்து அவர் காதில் சொன்னேன். "தெரியும் காஸ். ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கறப்பவே போன் பண்ணிட்டேன். தப்புதான்." அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எத்தனை கூப்பிட்டும் திறக்கவில்லை. என் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, ஃபாதர். அதைத்தான் உங்களிடம் இறக்கி வைக்க வந்தேன். கூப்பிட்டது நான்தான். என் அவசரத்தால் ஒரு ஊர் முழுக்கத் தோற்றது. இதற்கு என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன்.

பேசாமல் இருக்கிறீர்கள். மன்னிக்க உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இனி இந்தப் பாவத்தைச் செய்யமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? கொடுக்கிறேன். ஆகஸ்டில் காஸை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், செப்டம்பரில் ஆட்டங்கள் ஆரம்பம். அவர் கண்ணால் எப்படிக் கெஞ்சினாலும் சரி, கடைசி விசில் ஊதும்வரை நான் போனைத் தொடமாட்டேன்.