ஜாஸ்மியின் பெயரில்

டாக்டர், உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் சாயா நன்றாக இருக்கிறது. ஜாஸ்மிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அவள் அதைத் தன் கையால் வாங்கவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன். போன தடவை என்னிடம் கேட்டீர்கள், "அந்த லேப்டாப்ப வீட்ல வேற யாராவது தொடுவாங்களா?" என்று. இல்லை என்றேன். அந்தப் பதிலைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

லேப்டாப்பை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மஸ்கட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும் ஊருக்குத் திரும்பி, குளச்சலில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்று ஜாஸ்மி ஆசைப்பட்டாள். படிக்காதே என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. மார்த்தாண்டத்தில் இருந்து அனிஷ் என்ற வாத்தியார் ஆன்லைனில் ஜாவா நடத்தினார். வெப் சர்வீஸ் எழுதக் கற்றுக்கொடுத்தார். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை, டாக்டர். எங்கிருந்தோ ஒருவர் போனில் ஒன்றைக் கேட்பார், இங்கே எழுதி வைத்திருக்கும் புரோகிராம் பதில் சொல்லும். ஜாஸ்மி மீன் விலை சொல்கிற ஒன்றை எழுதினாள். குளச்சலில் இன்று நெய்மீன் என்ன விலை என்று கேட்டால் உடனே சொல்லும். முதல்முறை அது பதில் சொன்னபோது அடுப்பில் கிடந்த சாளைமீன் கறியை மறந்துவிட்டாள். அடிப்பிடித்த கறியைச் சிரித்துக்கொண்டே தின்றோம்.

அன்றைக்குத்தான் சொன்னாள். "வேல கெடச்சா திருவந்திரத்துக்கே போயிருவோம், என்ன? நீங்க ஐஸ் கம்பெனியில கெடந்து கஷ்டப்படாண்டாம். பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இருங்க."

அன்பாகத்தான் சொன்னாள். நானும் சரி என்றேன். ஆனால் சோறு இறங்கவில்லை.

அனிஷ் முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லியிருந்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. தப்பு எப்பவும் நம்ம கையிலயாக்கும் இருக்கும்." ஜாஸ்மி அதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த என் காதிலும் அது விழுந்தது.

அவளுடைய வகுப்புகளின் வீடியோக்களை அவளுக்குத் தெரியாமல் ஐஸ் கம்பெனியில் இருந்து நானும் பார்த்தேன். எனக்கும் ஜாவா பிடித்துப்போனது. சொல்லப்போனால், அவளைவிட எனக்கு வேகமாக வந்தது. காலையில் அவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவாள். அந்த நேரம் எனக்குப் போதும். பெரிதாக எதையும் அழிக்க மாட்டேன். புரோகிராமின் முகவரியில் ஓர் எழுத்தை மாற்றுவேன், இல்லையென்றால் ஒரு பாஸ்வேர்டை. பூசை முடிந்து வந்தவள் நாள் முழுக்க அதைத் தேடுவாள். கண்டுபிடித்ததும் தலையில் தட்டிக்கொண்டு, "எனக்க மண்டைக்கு என்னவாக்கும் ஆச்சு" என்பாள். எனக்கு அவள்மேல் பாவமாக இருக்கும். சாயா போட்டுக் கொடுப்பேன்.

பிறகு அனிஷ் திருத்தங்களைப் பதிந்து வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று அதில் தெரியும். இனி மாட்டிக்கொள்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். லேப்டாப் அவளுடையது, நான் மாற்றினாலும் அவள் பெயர்தான் பதியும். லேப்டாப்பின் கடிகாரத்தை முந்தைய நாள் சாயங்காலத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு மாற்றினால், அவள் அதன்முன் உட்கார்ந்திருந்த நேரமே பதியும். வேலை முடிந்ததும் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுவேன். நான் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி அவளை ஆன்லைன் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவள் மீன் விலையைக் கேட்டாள். நீ கேட்டது இங்கே இல்லை என்று திரையில் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டாள், அதே பதில்தான். அவர்கள் மரியாதையாகவே பேசி முடித்தார்கள். அதன்பிறகு அவள் பதிவுகளைத் திறந்து பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, எனக்க பேரு. நேத்து சாயங்காலம் நானாக்கும் மாத்தியிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல."

சத்தமில்லாமல் அழுதாள். மறுநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "எனக்க கையப் பாத்துக்கிடுங்க. எதையாவது மாத்துனா சொல்லுங்க" என்றாள். நானும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குழம்புக்கு உப்புப் போடப் பயந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டப் பயந்தாள், கை என்ன செய்யும் என்று தெரியாதாம். அதன்பிறகுதான் உங்களிடம் கூட்டி வந்தேன். யாரோ மாற்றுகிறார்களா, தானே மாற்றுகிறோமா என்று உங்கள் முன்னால் அவள் கேட்டபோது, நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒன்றையும் மறைக்கவில்லை, டாக்டர். எல்லாம் நான் செய்தது. அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

அவள் நம்பவில்லை. "உங்களுக்கு ஜாவா எழுதத் தெரியாதுல்லா" என்றாள். "எனக்குக் கிறுக்கு இல்லைன்னு காட்டதுக்காண்டி, இந்தப் பழியையும் நீங்க தலையில ஏத்துக்கிடுதியளே."

எழுதிக் காட்டட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவளாக எதையாவது தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

நான் எழுதிக் காட்டவில்லை. என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது. இப்போது அவள் எங்கும் போக வேண்டும் என்று சொல்வதில்லை. நன்றாகத் தூங்குகிறாள். அதனால் நீங்கள் கொடுக்கும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்.