கடைசி லயத்துத் தண்ணீர்

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, ஐயா. ஈப்போ கடைகளில் பாலை அள்ளி ஊற்றிவிடுகிறார்கள். உங்கள் சுங்கை சிப்புட் போலீஸ் ஸ்டேஷனில் இன்னும் தேயிலை வாசம் தெரிகிறது.

என் பெயர் ஜெயபாலன். தோட்டக் கம்பெனியின் ஈப்போ அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பகுதியில் வேலை. என் அக்காவின் கணவர் சன்னாசி நேற்று தோட்டத்துப் பம்ப் வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த பெட்டியைக் கடப்பாறையால் நொறுக்கிவிட்டார். அந்தப் பெட்டி என்ன வேலை செய்தது என்று உங்களுக்கு விளக்கத்தான் கம்பெனி என்னை அனுப்பியது. சொந்தக்காரர் என்பதற்காக நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

எங்கள் கம்பெனிக்குப் பேராக் முழுக்கத் தோட்டங்கள் இருக்கின்றன. எண்பத்தைந்தில் ஒவ்வொரு தோட்டத்துப் பம்ப் வீட்டிலும் ஒரு பெட்டி வைத்தோம். ஈப்போவிலுள்ள கம்ப்யூட்டர் டெலிபோன் கம்பி வழியாக அதோடு பேசும். எந்த வால்வு திறந்திருக்க வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று நான் எழுதிவைத்தால் போதும். பெட்டி அவ்வப்போது சரிபார்க்கும். யாராவது கைவைத்து மாற்றியிருந்தால், நான் எழுதிய நிலைக்கே திருப்பிவிடும்.

பெட்டியை விற்றவர்கள் கொடுத்ததில் வால்வு, மோட்டார், சுவிட்ச் என்று சின்னச் சின்ன உறுப்புகள்தான் இருந்தன. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதையே திரும்பத் திரும்ப எழுதுவது சலிப்பான வேலை. ஆனால் சின்ன உறுப்புகளைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கி, அதற்கு நாமே பெயர் வைத்துக்கொள்ள முடியும். ஒருமுறை செய்துவிட்டால் எந்தத் தோட்டத்துக்கும் அது பொருந்தும். அப்படி நான் செய்ததற்கு, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளின் பெயரையே, ‘லயம்’ என்று வைத்தேன். லயத்தின் எண்ணையும், குடியிருப்பவர்கள் இன்னும் தோட்ட வேலையில் இருக்கிறார்களா என்பதையும் அதற்குச் சொன்னால் போதும். வேலையில் இருந்தால் தண்ணீரும் வெளிச்சமும் வரும். இல்லையென்றால் இரண்டும் நிற்கும்.

இதைச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் அவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. போக இடமில்லை என்றார்கள். ஈப்போவுக்கு வரும்போதெல்லாம் மேனேஜர் இதைச் சொல்லிப் புலம்புவார். சண்டை, போலீஸ், கோர்ட் எதுவும் இல்லாமல் முடிக்க ஒரு வழி எனக்குத் தோன்றியது. செய்து காட்டினேன். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பங்களாவில் அவர் மனைவி ஆர்கிட் வளர்க்கிறார். அந்தப் பூந்தோட்டத்துக் குழாய் கடைசி லயத்துக் குழாயோடு சேர்ந்திருந்தது. அதற்கு மட்டும் தண்ணீர் நிற்காதபடி ஒரு விலக்கு எழுதிக்கொடுத்தேன். சின்ன வேலைதான்.

கடைசி லயத்தில்தான் என் அக்கா வீரம்மா இருந்தாள். எங்கள் அம்மா போனபின் என்னை வளர்த்தது அவள்தான். அவள் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துச் சம்பாதித்ததால்தான் நான் ஈப்போவில் படித்தேன். அதை நான் மறந்தவனில்லை.

தண்ணீர் நின்ற வாரம் அவள் பஸ் ஏறி ஆபிசுக்கு வந்தாள். ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்திருந்தாள்.

“தம்பி, பைப்புல தண்ணி வரலலா. உன் மெசின்தான் நிப்பாட்டுதுன்னு வேலைக்கு ஆள் பிரிக்கிற மண்டோர் சொல்றாரு,” என்றாள்.

“எல்லா லயத்துக்கும் ஒரே மாதிரிதாங்கா. ஒரு வீட்டுக்குன்னு மாத்த முடியாது.”

“காலையில ஒரு கொடம் வந்தா போதும்லா. பாப்பாவுக்கு மட்டும்.”

“மெசினுக்குப் பாப்பாவெல்லாம் தெரியாதுக்கா.”

அவள் தலையாட்டினாள். படிக்காதவள், என் பேச்சை நம்பினாள். முறுக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நன்றாக மொறுமொறுவென்று இருந்தது.

சன்னாசி மாமா அப்படி இல்லை. பம்ப் வீட்டுக்குப் பின்னால் போய் வால்வைக் கையால் திருப்பிவிட்டார். பெட்டி அதை மூடியது. மறுபடி திறந்தார். கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். வால்வு சொன்னபடி கேட்கவில்லை என்பது ஈப்போவிலேயே எனக்குத் தெரிந்தது. திருகுகிற வளையத்தையே கழற்றிவிடச் சொன்னேன்.

அப்புறம் அவர்கள், முன்பு ரப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைவீட்டுக்குப் பின்னாலிருந்த கானில், அந்தக் கழிவுநீர் வாய்க்காலில், தண்ணீர் மொண்டார்கள். காய்ச்சித்தான் குடித்தார்களாம். அவர்கள் மகள் பாப்பாவுக்கு நான்கு வயது. தாகம் எடுத்தால் அடுப்பு எரியும்வரை அந்த வயதில் காத்திருப்பார்களா? பேதி கண்டது. காய்கறி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி டவுனை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

நான் சாவுக்குப் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் பெண்கள் கானுக்கு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது. மேனேஜர் ஆபிசிலிருந்து ஈப்போவுக்குப் போன் போட்டுக் கடைசி லயத்தைக் கொஞ்ச நேரம் திறந்துவிடச் சொன்னேன். நான் திரும்பி நடந்து வருவதற்குள் பைப்பில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கல்நெஞ்சுக்காரன் இதைச் செய்திருப்பானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா.

மாமா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்படின்னா தொறக்க முடியுமா, மச்சான்?”

“முடியும் மாமா.”

“அக்கா வந்து கேட்டப்பவும் முடியுமா?”

பொய் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. “அப்பவும் முடியும்,” என்றேன்.

அவர் கத்தவில்லை. என்மேல் கை வைக்கவும் இல்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, பின்கட்டிலிருந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு பம்ப் வீட்டுப் பக்கம் நடந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

பெட்டி போனதில் பெரிய நட்டமில்லை. நான் செய்த ‘லயம்’ ஈப்போவில் பத்திரமாக இருக்கிறது. புதுப் பெட்டி வைத்துப் பெயரைச் சொன்னால் பழையபடி வேலை செய்யும். தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கேட்டிருக்கிறார்கள்.

காலி செய்யாத லயங்கள் எத்தனையோ இருக்க, கடைசி லயத்தை ஏன் முதலில் மூடினேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. புதிதாகச் செய்த எதையும் ஓரிடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு லயமாக இருந்தால் மறுநாளே யூனியனுக்கு ஓடியிருப்பார்கள், பேப்பரில் வந்திருக்கும். கடைசி லயத்தில் அக்கா இருந்தாள். ‘என் தம்பி பெரிய ஆபிசுல இருக்கான், அவன் பாத்துக்குவான், கொஞ்சம் பொறுங்க’ என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் சொன்னாள். எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

பாப்பா போனபிறகும் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. சோதனைக்கு அதைவிட நல்ல லயம் எனக்குக் கிடைத்திருக்காது.