மடியில் பிளாஸ்க்

உத்திரமேரூரில் பஸ் ஏறியதிலிருந்து, எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் ஒரு பிளாஸ்க்கை மடியில் அணைத்தபடி வந்தார். பக்கத்தில் இருந்த ஜரிகைச் சேலைக்காரர் ஆசையாகக் கேட்டார்.

"டீயாம்மா?"

"டீ இல்லக்கா. உள்ள கவர்மெண்டு கீது."

"இன்னாது?"

"சர்க்கரைக்குப் போடற ஊசி மருந்து. ஐஸ் போட்டு எடுத்துக்கினு போறேன். ஜி.எச்.ல குடுத்தாங்க."

"இனாம் மருந்துல பவர் கீதா?"

"மொத்த ஸ்டேட்டுக்கும் கவர்மெண்டே வாங்கி, டெஸ்ட் பண்ணிட்டுதான் அனுப்புது. புண்ணு ஆறாம என் கால் வெரலை எடுக்கணும்னாங்க. பாரு." செருப்பைக் கழற்றிக் காட்டினார். ஐந்து விரலும் இருந்தன. "இந்தப் போகம் நாத்து நட்ட காலு. இனாம்னு சொல்லாதக்கா. சோப்பு வாங்கசொல்லோ நானுந்தான் வரி கட்றேன்."

"வூட்ல பிரிட்ஜ் கீதா?"

"பானை கீது. மணல் கொட்டி, தண்ணி தெளிச்சி, அதுக்குள்ள வெப்பேன். நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க."

"எங்க வூட்ல பிரிட்ஜ் கீது" என்றவர், சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அதே ஊசிதான். கடையில விக்கிற வெலைக்கு ஒருநாள் வுட்டு ஒருநாள்தான் போட்டுக்கிறேன். ஜி.எச்.ல நின்னா ஊர்ல இன்னா பேசுவாங்களோ."

பிளாஸ்க் வைத்திருந்தவரின் ஊர் வந்துவிட்டது. நெரிசலில் பிளாஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கியவர், ஜன்னலருகே வந்து சொன்னார்.

"உனக்குப் பானைகூட வாணாம்க்கா. வரிசைக்கு மட்டும் வா. எனக்கு முன்னால நிக்க வெக்கிறேன்."