அகஸ்டஸும் கோவில் திறப்பும்

பின்னேரம் மூதூருக்குப் போகும் படகில் எனக்கு முன்னால் வேட்டி சால்வையோடு ஒரு பெரியவரும் அவருடைய மைத்துனரும் இருந்தார்கள். திருகோணமலை இறங்குதுறையை விட்டு விலகியதும் பெரியவர் மைத்துனரோடு பேச்சைத் தொடங்கினார்.

“உரோமாபுரியில அகஸ்டஸ் இப்பிடித்தான் மேல வந்தவன், தம்பி. எல்லாப் பதவியையும் வேண்டாமெண்டு சபையில திருப்பிக் குடுத்தான். அவங்கள் கெஞ்சி, இன்னும் கூடக் குடுத்தாங்கள்.”

“அதுக்காகக் காலமை பிள்ளையார் கோவில் கூட்டத்தில தலைவரா இருங்கோ எண்டு கேக்க, ஏலாது எண்டு சொல்லுறதே, அத்தான்?”

“முதல்தரம் எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது! அதுதானே மரியாதை. ரெண்டாந்தரம் கேப்பாங்கள் எண்டு நினைச்சன்.”

“கேட்டவங்களே?”

“கைதட்டிப்போட்டு என்ர சம்பந்தியைப் போட்டிட்டாங்கள்.”

“அகஸ்டஸிட்டைப் படை இருந்தது. உங்களிட்டை என்ன இருக்கு?”

பெரியவர் மடியிலிருந்து ஒரு பெரிய திறப்பை எடுத்துக் காட்டினார்.

“மூலஸ்தானப் பூட்டின்ர திறப்பு. பூசை செய்யவேணுமெண்டா கடல் தாண்டிக் கட்டைபறிச்சான் வீட்டுக்கு வந்து என்னைக் கும்பிட்டுக் கேக்கட்டும். அப்ப தலைவர் ஆரெண்டு பாப்பம்.”

உள்ளே பிள்ளையார் பூசையில்லாமல் இருக்கிறாரே என்று மனதுக்குள் தோப்புக்கரணம் போட்டேன்.

அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

“ஓம்… நான்தான்… ஆ?”

முகம் வாடிப்போயிற்று.

“என்னவாம், அத்தான்?”

“பூட்டை உடைச்சுப் பூசை நடக்குதாம். புதுப்பூட்டு என்ர உபயமெண்டு ஒலிபெருக்கியில வேற சொல்லிப்போட்டாங்களாம்.”